மின் நிறுவனம் மாறும்போது பழைய டைரக்ட் டெபிட்டை எப்போது நிறுத்துவது?

கேள்வி:
வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறோம். மின்சாரத்தையும் எரிவாயுவையும் வேறொரு நிறுவனத்துக்கு மாற்ற விண்ணப்பித்துள்ளோம். கோடையில் பயன்பாடு குறைந்ததால் பழைய கணக்கில் 140 பவுண்டு எங்களுக்கு வரவாக நிற்கிறது. இரு நிறுவனங்களும் இம்மாதம் பணம் எடுத்துவிடுமோ என்று அஞ்சுவதால், வங்கிச் செயலியில் பழைய டைரக்ட் டெபிட்டை (நிறுவனமே நம் வங்கிக் கணக்கிலிருந்து கட்டணத்தை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு) இப்போதே நிறுத்திவிடலாமா?

பதில் 1:
தயவுசெய்து இப்போது நிறுத்தாதீர்கள். மாற்றம் பொதுவாக 5 வேலை நாட்களில் முடிந்தாலும், இறுதிக் கட்டணச் சீட்டை அனுப்பப் பழைய நிறுவனத்துக்கு 6 வாரம் வரை அவகாசம் உண்டு. அதன்பின் 10 வேலை நாட்களுக்குள் மீதித் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்பது எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமின் விதி. அந்தக் கணக்கு தீர்ந்த பிறகு நிறுத்துவதே நல்லது. ஒரே மாதத்தில் இருவரும் பணம் எடுத்தாலும், பழைய நிறுவனம் எடுப்பது பழைய பயன்பாட்டுக்கும் புதியது எடுப்பது புதிய கணக்குக்கும் உரியது. மிக முக்கியமாக, மாறும் நாளன்று மீட்டரில் தெரியும் எண்களைத் தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறுதிச் சீட்டில் வரும் தகராறுகள் பெரும்பாலும் உத்தேச அளவீட்டிலிருந்தே கிளம்புகின்றன.

பதில் 2:
தவறான தொகையை எடுத்துவிட்டால், டைரக்ட் டெபிட் உத்தரவாதத்தின்படி உங்கள் வங்கியே அதை முழுமையாகவும் உடனடியாகவும் திருப்பித் தர வேண்டும். ஆனால் உண்மையான நிலுவை அதனால் தள்ளுபடியாகாது. நிறுவனத்திடம் அளித்த புகார் 8 வாரங்களில் தீராவிட்டால், எரிசக்தி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இறுதிச் சீட்டு வந்து கணக்கு தீரும்வரை நிறுத்தாமல் வைத்திருக்கிறோம்.