சீருடைப் பணியில் இருந்துகொண்டு வெளியே சொன்னவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தீயணைப்பில் இருக்கிறேன், தன்பாலீர்ப்பு கொண்ட ஆண். என் ஷிப்டில் எல்லாருக்கும் தெரியும். மற்ற ஷிப்டுகளில் பாதிப் பேருக்குத் தெரியும். மேலதிகாரிகளில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று கணக்குப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், சிறை, கட்டுப்பாட்டு அறை என்று இந்த மாதிரி வேலைகளில் இருப்பவர்கள் எப்படிச் சொன்னார்கள், சொன்ன பிறகு என்ன ஆனது என்று ஒரே இடத்தில் சேர்ந்தால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். ஐ.டி. அலுவலகத்தில் சொல்வதைப் பற்றி எக்கச்சக்கமாக எழுதியாகிவிட்டது. நம் வேலை வேறு. ஒரே அறையில் தூங்குகிறோம், ஒரே குளியலறையைப் பயன்படுத்துகிறோம், புகைக்குள் போகும் முன் ஒருவர் முதுகில் இருக்கும் சிலிண்டரை இன்னொருவர் சரிபார்க்கிறார்.

குளியலறையை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்பது அதைத்தான். விஷயம் பரவிய பிறகு எங்கள் ஷிப்டில் ஒரு பையன் நான் உள்ளே வந்தால் துண்டை இறுக்கிக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தான். நான் எதுவும் கேட்கவில்லை. பம்ப் பார்க்கும் அண்ணன்தான் ஒருநாள், "இத்தனை வருஷமா பார்க்காததை இப்பவாடா பார்க்கப் போறான்? உன்கிட்ட அப்படி என்னடா இருக்கு?" என்றார். மொத்த அறையும் சிரித்தது, அவனும் சிரித்தான். அதோடு சரி.

நான் முதலில் சொன்னது என் ஜோடியிடம். ஜோடி என்றால் தீக்குள் என்னோடு சேர்ந்து நுழைகிறவர், நாங்கள் தனியாக நுழைவது கிடையாது. காலையில் மூச்சுக் கருவிகளைச் சோதிக்கும் நேரமாகப் பார்த்துச் சொன்னேன். இரண்டு பேர் கையும் வேலையில் இருக்கும், முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. அவர் அழுத்தமானியைப் பார்த்து அளவைக் குறித்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "சரி, உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்குப் போன் பண்ணணும்? அம்மாவுக்கா, அவருக்கா?" நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. திட்டுவார், சாமி பேரைச் சொல்லிப் புத்தி சொல்லுவார், இல்லை அமைதியாகிவிடுவார் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்டது மட்டும் என் பட்டியலில் இல்லை. எண்ணைக் கொடுத்தேன், போனில் ஏற்றிக்கொண்டார்.

நியூயார்க் தீயணைப்புத் துறையில் மைக்கல் ஜட்ஜ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். 2001 செப்டம்பர் 11 அன்று வீரர்களோடு கோபுரத்துக்குள் போய் இறந்தவர், அன்றைய சாவுகளில் முதலில் பதிவானது அவருடையது. அவர் தன்பாலீர்ப்பு உள்ளவர் என்று நெருங்கியவர்களுக்குத் தெரியும், துறையில் பலருக்கு அவர் போன பிறகுதான் தெரிந்தது. என் விஷயம் அப்படி நான் போன பிறகு தெரிய வேண்டாம் என்று இருந்தது. சொன்னதற்குக் காரணம் அவ்வளவுதான்.

— பெண் காவலர்

அண்ணா, நீங்கள் யாரிடம் சொல்லலாம் என்று தேர்ந்தெடுத்தீர்கள். எனக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. என்னையும் என் துணையையும் யாரோ பார்த்திருக்கிறார்கள், அடுத்த வாரமே ஸ்டேஷன் முழுக்கப் பேச்சு. நான் உள்ளே வந்தால் நிற்கும், வெளியே போனால் தொடரும். பொறுத்துப் பார்த்துவிட்டு நேரே இன்ஸ்பெக்டரிடம் போய், "சார், பேச்சு அடிபடுதே, அது உண்மைதான். என் வேலையில ஏதாவது குறை இருந்தா அதைச் சொல்லுங்க" என்றேன். கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "நைட் டியூட்டி மாறாது, போம்மா" என்றார். இதைவிட நல்ல பதிலை இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை, நிஜமாகவே.

ஆனால் எல்லாம் அப்படி முடியவில்லை. கூட இருந்த இரண்டு பெண்கள் ஓய்வறையைப் பகிர மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். அதைவிட மோசம் வயர்லெஸ். ஒரு இரவு தகராறு நடந்த இடத்துக்குப் போய்விட்டு உதவி கேட்டேன், பக்கத்தில் இருந்த வண்டி வரத் தாமதமானது. வேண்டுமென்றா, டிராபிக்கா, தெரியாது. தெரியவும் போவதில்லை. வேறு வேலையில் ஒருவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்றால் மதியம் தனியாகச் சாப்பிடுவோம், அவ்வளவுதான். இங்கே அவர் வரத் தாமதித்தால் அடி விழும். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, நாம் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்பதைத்தான்.

இன்னொன்றும் நடந்தது. விசாரணைக்கு வந்த ஒருவன் மெதுவாகக் குனிந்து, "உங்க விஷயம் எனக்குத் தெரியும் மேடம்" என்றான். "இன்ஸ்பெக்டருக்கே தெரியும், நீ உட்காரு" என்றேன். அவன் கையில் இருந்தது அந்த ஒரே சீட்டு. நம் ஆட்களைப் போலீஸில் சேர்த்தால் மிரட்டலுக்குப் பணிவார்கள் என்று பல நாடுகளில் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒளித்து வைத்திருக்கிற வரைக்கும்தானே மிரட்ட முடியும்?

1981-இல் நியூயார்க் நகர மன்றத்தில் தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கான உரிமைச் சட்டம் பற்றி விசாரணை நடந்தது. காவலர் சங்கத்துக்காரர் வந்து, தன்பாலீர்ப்பு உள்ள போலீஸ் யாரையும் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்துப் பேச எழுந்தவர் சார்லஸ் காக்ரேன், அதே துறையில் சார்ஜென்ட். போலீஸாக இருப்பதிலும் பெருமை, இப்படி இருப்பதிலும் அதே அளவு பெருமை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அடுத்த வருடம் அவரும் மற்றவர்களும் சேர்ந்து அங்கே தன்பாலீர்ப்புக் காவலர்களுக்கு ஒரு சங்கமே தொடங்கினார்கள். அதற்காக எல்லா இடமும் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலேயே செயின்ட் லூயிஸ் மாவட்டப் போலீஸில் ஒரு சார்ஜென்டுக்குத் திரும்பத் திரும்பப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது, 'அந்த மாதிரி' இருப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்று அவருக்கு அறிவுரை வேறு. வழக்குப் போட்டார். 2019-இல் ஜூரி ஏறக்குறைய 2 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது, பிறகு அதில் பாதி அளவுக்குச் சமரசம் ஆனது.

— அவசர அழைப்புக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து

நான் களத்துக்குப் போவதில்லை, போன் எடுக்கிறவன். ஒரு இரவு ஒருவர் கூப்பிட்டார், கூட இருப்பவர் மயங்கி விழுந்துவிட்டார், மூச்சு சரியில்லை. "அவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று எங்கள் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் "ரூம்மேட்" என்றார். அந்த ஒரு நொடி என்ன என்று எனக்குத் தெரியும், நானும் அதே நொடியை எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். நெஞ்சில் கை வைத்து அழுத்தச் சொல்லி எண்ணிக்கொண்டே இருந்தேன், ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு நான் உறவு கேட்பதை விட்டுவிட்டேன். "நீங்க அவர் பக்கத்துல இருக்கீங்களா? போனை ஸ்பீக்கர்ல போடுங்க" என்று ஆரம்பிப்பேன். முதல் நிமிடத்தில் தேவைப்படுவது அதுதான், உறவை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

மேற்பார்வையாளர் என் அழைப்புகளைக் கேட்டுவிட்டு, ஏன் வரிசையை மாற்றுகிறாய் என்று கேட்டார். காரணத்தைச் சொல்லும்போதே என் விஷயமும் சேர்ந்து வந்துவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சியிலும் இதைச் சேர்க்கலாம் என்றார். என்னைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.

— திருநங்கை, காவல் பணி

மேலே எல்லாரும் சொல்லலாமா வேண்டாமா என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்வியே கிடையாது, நான் வாசலில் நின்றாலே தெரிந்துவிடும். என் சண்டையெல்லாம் காகிதத்தோடு. சான்றிதழில் ஒரு பெயர், ஆணையில் இன்னொரு பெயர். காலை வருகைக்கு நிற்கும்போது பழைய பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்வதா, பேசாமல் நிற்பதா? நான் நிற்பேன். அவர் மறுபடி கூப்பிடுவார், நான் மறுபடி நிற்பேன். கடைசியில் ரைட்டர் அக்கா ஒருவர் பதிவேட்டில் அதன் மேல் தாள் ஒட்டிப் புதுப் பெயரை எழுதினார். பெயர் மாற்ற ஆணை வர ரொம்ப நாள் ஆனது, அதுவரை அந்தத் தாள்தான் என் பெயர். பிறகு உடல் சோதனை. பெண் கைதியை நான் சோதிக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் வாதம். இதையெல்லாம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை அதிகாரி மாறியதும் போய்விடும்.

எனக்கு முன்னால் பாதை போட்டவர் பிரித்திகா யாஷினி, அவரும் திருநங்கை. எஸ்.ஐ. தேர்வுக்கு அவர் விண்ணப்பத்தை நிராகரித்தார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார், 2015-இல் அவரைப் பணியில் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் நகலைப் பையில் வைத்துக்கொண்டுதான் நான் நேர்காணலுக்கே போனேன்.

எழுதத் தயங்கும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். துறையில் கிடைத்த கிண்டலைவிட என் சொந்த ஆட்கள் கேட்டதுதான் வலித்தது. போலீஸிடம் அடி வாங்கி வளர்ந்தவர்கள் அவர்கள். சீருடையோடு போய் நின்றபோது ஒரு அம்மா, "நீயும் லத்தி எடுத்துட்டியாடி?" என்றார். கோபப்பட முடியவில்லை, அவர் கையில் தழும்பு இருக்கிறது. நியூயார்க்கில் நம் ஆட்கள் நடத்தும் பிரைடு ஊர்வலத்தில் 2021-இல் சீருடைப் போலீஸ் வரக் கூடாது என்று முடிவெடுத்தபோது நம்மில் பலர் வருத்தப்பட்டார்கள், எனக்கு இரண்டு பக்கமும் புரிந்தது. தமிழ்நாட்டில் 2022-இல் காவலர் நடத்தை விதிகளில் திருத்தம் வந்தது, பால்புதுமையினரையும் (தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர் போன்றவர்கள்) அவர்களுக்காக வேலை செய்கிறவர்களையும் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று. அதை அச்சிட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார், எதுவும் சொல்லவில்லை.

— பெயர் வேண்டாம்

எல்லாரும் சொல்லிவிடுங்கள் என்கிற மாதிரியே இந்தப் பேச்சு போகிறது, அதனால் எழுதுகிறேன். உலகத்தில் இன்னும் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பாலின உறவு குற்றம், அதில் ஒன்றில் நான் போலீஸ். இந்தியாவில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை வயது வந்தவர்களின் சம்மத உறவு வரைக்கும் நீக்கியது, சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022-இல் அதே மாதிரியான 377ஏ பிரிவை ரத்து செய்தது. என் நாட்டில் எதுவும் நடக்கவில்லை. அந்தப் பிரிவில் நாளைக்கு யாரையாவது பிடித்துக்கொண்டு வந்தால் எழுத வேண்டியவன் நான். இதுவரை வரவில்லை. வந்தால் என்ன செய்வேன் என்று யோசிக்காத இரவு இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தைரியம் இல்லை என்று யாரும் பதில் போட வேண்டாம்.

— முதலில் எழுதியவன்

மேலே எழுதிய நண்பருக்கு: யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், சொன்னால் நானே சண்டைக்கு வருவேன். நீங்கள் சொல்லாமல் இருப்பதும் இந்தக் கதைகளில் ஒன்றுதான். எந்தத் துறை, எந்தப் பதவி என்று அடையாளம் தெரிகிற எதையும் இங்கே எழுதாதீர்கள், தனிச் செய்தியிலும் வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒரு கேள்வி. என் ஜோடி போனில் எண் இருந்தால் மட்டும் போதாது, துறைப் படிவத்திலும் இருக்க வேண்டும். எனக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரிவிப்பது, பணிக்கொடை யாருக்குப் போவது, இவை இரண்டும் வேறு வேறு படிவம். முதலாவதில் 'நண்பர்' என்று போட்டு என் துணையின் பெயரை எழுதிவிட்டேன், ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாவதில் குடும்பம் என்றால் யார் என்று விதியிலேயே இருக்கிறது, அங்கே மாட்டிக்கொண்டேன். இந்தியாவில் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமையைத் தர மறுத்துவிட்டது, 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் தன்பாலினத் துணையை வங்கிக் கணக்கில் நாமினியாகப் போடத் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. வங்கிக்கு அது சரி, பணிக்கொடைக்கு? உயில் எழுதி வைத்தவர்கள், படிவத்தில் வேறு வழி கண்டுபிடித்தவர்கள் யாராவது இருந்தால் எந்த நாடு, எந்தப் படிவம் என்று மட்டும் எழுதுங்கள், துறைப் பெயர் வேண்டாம்.