மியூரா மடிப்பில் விளக்குக் கூடு: நடுப்பகுதி ஏன் ஒடுங்குகிறது?

கேள்வி (தாள்மடி):
வணக்கம். 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) தாளில், இணைகரக் கட்டங்களாக ஏறி இறங்கும் மியூரா மடிப்பு போட்டு, அதை உருளையாகச் சுற்றி ஒட்டி, மேசை விளக்குக்கு ஒரு கூடு செய்ய மூன்று வாரங்களாக முயன்று வருகிறேன். தட்டையாக விரிக்கும்போது இணைகரங்கள் வரிசை வரிசையாக எழுந்து நிற்பது மிக அழகாக இருக்கிறது. ஆனால், சுற்றி ஒட்டியதும் நடுப்பகுதி உள்ளே ஒடுங்கி, மேலும் கீழும் அகன்று, உடுக்கை போல ஆகிவிடுகிறது. பிளேடால் லேசாகக் கீறிய பிறகே மடிக்கிறேன்; ஆயினும் சில கோடுகளில் தாள் வெடிக்கிறது. தவறு அளவிலா, தாளிலா?

மறுமொழி (கோணமானி):
உங்கள் அளவில் தவறில்லை. உடுக்கை வடிவம் அந்த மடிப்பின் இயல்பு. மியூரா மடிப்பை ஒரு திசையில் வளைத்தால், குறுக்குத் திசையில் அது எதிர்ப்புறமாக வளைந்து குதிரைச் சேணம் போல ஆகும். ஜப்பானிய விண்வெளிப் பொறியாளர் கோர்யோ மியூரா இதை வகுத்ததே பெரிய தகட்டைச் சிறிதாகச் சுருக்கி, ஒரே இழுப்பில் மீண்டும் தட்டையாக விரிப்பதற்காகத்தான். 1995-இல் ஜப்பான் ஏவிய ஸ்பேஸ் ஃப்ளையர் யூனிட் விண்கலத்தில் இந்த மடிப்பு சோதிக்கப்பட்டது.

உருளைக்கு யோஷிமுரா வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய உருளை ஒன்றை மேலிருந்து அழுத்தினால் அதன் சுவரில் தானாக விழும் சாய்சதுரக் கட்டங்களே அதன் அடிப்படை. சாய்சதுரத்தின் நான்கு பக்கங்களும் மேட்டு மடிப்பு (வெளிப்புறமாக எழுவது), கிடையாக ஓடும் மூலைவிட்டம் பள்ள மடிப்பு (உட்புறமாக இறங்குவது). ஆக, ஒவ்வொரு சந்திப்பிலும் நான்கு மேடும் இரண்டு பள்ளமும் வரும். தட்டையாக மடியும் எந்த வடிவத்திலும், தாளின் உள்ளே உள்ள ஒவ்வொரு சந்திப்பிலும் மேடுகளின் எண்ணிக்கைக்கும் பள்ளங்களின் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடு இரண்டாகவே இருக்க வேண்டும் என்பது மேக்காவா விதி. வரைந்தவுடன் இதை எண்ணிப் பார்த்துவிட்டால் பாதிப் பிழைகள் தாளிலேயே பிடிபட்டுவிடும். சுற்றும்போது அகலம் குறையாது, உயரம் மட்டுமே குறையும் என்பதால் உயரத்தைச் சற்றுக் கூட்டி வெட்டுங்கள்.

மறுமொழி (அச்சகத்துக்காரர்):
வெடிப்புக்கான காரணத்தை நான் சொல்கிறேன். தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும்; அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் கோடு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். தாளை இரு திசைகளிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது மடிப்பு எந்தத் திசையில் ஓடுமோ அதுவே நாரின் திசை. யோஷிமுராவில் அது கிடையாக இருக்கட்டும். பிளேடை விட்டுவிடுங்கள், அது நாரையே அறுக்கிறது. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடிட்டாலே போதும். 120 முதல் 160 ஜிஎஸ்எம் வரை உள்ள தாள் இதற்கு இணங்கும். உள்ளே எல்இடி பல்பு மட்டுமே போடுங்கள். குண்டு பல்பின் சூட்டுக்கு அருகில் தாளை வைக்கவே கூடாது.

மறுமொழி (தாள்மடி):
இருவருக்கும் மிக்க நன்றி. 120 ஜிஎஸ்எம் தாளில், சுற்றளவில் எட்டுச் சாய்சதுரங்கள் வருமாறு சிறிய மாதிரி ஒன்றை நேற்றிரவு மடித்தேன். ஒடுங்காமல் நேராக நின்றது, ஒரு கோடுகூட வெடிக்கவில்லை. ஒட்டுமிடத்தில் மட்டும் இரண்டு தாள்கள் சேர்வதால் நிழல் கறுத்து விழுகிறது. அங்கே ஒரு சாய்சதுரம் முழுவதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டுவதா, சாய்ந்த விளிம்பிலேயே மெல்லிய பட்டியாக ஒட்டுவதா?

மறுமொழி (கோணமானி):
விளிம்பில் ஒட்டுங்கள். ஐந்து மில்லிமீட்டர் பட்டி மேட்டு மடிப்பின் பின்னால் போய்விடும். நிழலும் மடிப்புக் கோட்டோடு கலந்துவிடும்.