எல்5-எஸ்1 ஜவ்வு விலகல்: சிறுதுளை அறுவையா, ஸ்க்ரூ வைத்த அறுவையா?

நூல்கண்டு (கேள்வி)

அண்ணனுக்காகக் கேட்கிறேன். வயது 41. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் மிஷின் டெய்லர். இடுப்பு வலி நாலைந்து வருடமாகவே உண்டு. கடந்த பத்து வாரமாக இடது புட்டத்தில் தொடங்கி, பின்தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்கிறது. பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போயிருக்கிறது. இருமினாலும் தும்மினாலும் வலி காலுக்கு ஓடுகிறது. கால் மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. ப்ரீகாபலின் என்ற நரம்புவலி மாத்திரை, வலி மாத்திரை, ஆறு வாரம் பிசியோ எல்லாம் பார்த்தாயிற்று.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில், எல்5-எஸ்1 மட்டத்தில் (இடுப்பின் கடைசி முள்ளெலும்புக்கும் அதன் கீழுள்ள திரிக எலும்புக்கும் நடுவில்) இடப்பக்கம் ஜவ்வு (டிஸ்க்) வெளியே பிதுங்கி எஸ்1 நரம்பு வேரை அழுத்துகிறது, அதற்கு மேலுள்ள எல்4-எல்5 மட்டத்தில் லேசான வீக்கம் என்று இருக்கிறது.

மூன்று டாக்டர்கள், மூன்று யோசனை. ஒருவர் டியூப் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பிதுங்கலை எடுக்கலாம் என்கிறார். இன்னொருவர் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, விலாப்பக்கமாக எண்டோஸ்கோப் நுழைத்து எடுக்கலாம் என்கிறார். மூன்றாமவர் இரண்டு மட்டத்திலும் ஸ்க்ரூ வைத்துவிட்டால் திரும்ப வராது என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது? இடுப்பு வலியும் சேர்ந்து போகுமா? லேசரில் கரைக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், அது எப்படி?

தண்டுவடம்

துளையின் அளவைப் பிறகு பார்ப்போம். வலி ஓடும் பாதை, டாக்டர் கையால் சோதித்துக் கண்டது, எம்ஆர்ஐ படம், இந்த மூன்றும் ஒரே நரம்பைக் காட்டுகின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் காட்டுகின்றன. எஸ்1 வேர் அழுத்தப்பட்டால் பின்தொடை, கெண்டைக்கால், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல் என்றுதான் வலி ஓடும். எல்5 வேர் என்றால் பாதத்தின் மேற்பக்கமும் கட்டைவிரலும் மரக்கும், குதிகாலை ஊன்றி நடப்பது சிரமமாகும்.

வீட்டிலேயே ஒன்றைச் சோதிக்கலாம். சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, வலது காலால் மட்டும் நின்று குதிகாலைப் பத்து முறை தூக்கச் சொல்லுங்கள். பிறகு இடது காலால். இடது பக்கம் நாலைந்திலேயே குதிகால் மேலே வரவில்லை என்றால் கெண்டைத்தசை பலம் குறைகிறது என்று அர்த்தம். அதைத் தேதி போட்டுக் குறித்து வைத்து, மூன்று நாளுக்கு ஒரு முறை பாருங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது.

இடுப்பு வலியைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிதுங்கலை எடுக்கும் அறுவை கால்வலிக்கான அறுவை. நரம்பின் மேலிருந்த அழுத்தம் போனால் காலில் ஓடும் வலி பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ வடிந்துவிடும். நாலைந்து வருட இடுப்பு வலி ஓரளவு குறையலாம், குறையாமலும் போகலாம். அதற்கு உத்தரவாதம் தருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். காலில் வலியே இல்லாமல் இடுப்பு மட்டும் வலிப்பவருக்கு இந்த அறுவை பெரிதாக உதவாது.

எல்4-எல்5 வீக்கத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாலும் 20 வயதில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வு வீக்கம் தெரிகிறது. படத்தில் தெரிவதற்கெல்லாம் அறுவை செய்வதென்றால் பாதி ஊரைப் படுக்கவைக்க வேண்டும்.

அவசரமா, காத்திருக்கலாமா என்பதற்கு நெதர்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு நல்ல வழிகாட்டி. 6 முதல் 12 வாரம் வரை கடுமையான கால்வலி இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சீக்கிரமே நிவாரணம் கிடைத்தது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பிறகு அறுவைக்கு வந்தார்கள். ஒரு வருடம் முடிந்தபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. பலம் குறையாதவரை, எப்போது என்பது வலியின் தாங்குதிறனையும் பிழைப்பையும் பொறுத்த முடிவு. வெளியே தள்ளிய ஜவ்வுத் துண்டு தானாகவே சுருங்குவதும் உண்டு.

காத்திருக்கக் கூடாத நிலையை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமலே கசிவது, ஆசனவாயைச் சுற்றியும் தொடையின் உட்பக்கமும் மரத்துப்போவது, வலி இரண்டு காலுக்கும் பரவுவது, பாதம் தொங்கிப்போவது. இவற்றில் எது வந்தாலும் அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று இருந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

தியேட்டர்_விளக்கு

முதல் இரண்டு முறைகளிலும் உள்ளே என்ன நடக்கிறது என்று எழுதுகிறேன்.

டியூப் முறையில் நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பார்கள். வயிறு அழுந்தாமல் தொங்கும்படி இருக்க வேண்டும். வயிறு அழுந்தினால் தண்டுவடக் குழாய்க்குள் இருக்கும் சிரைகள் புடைத்து ரத்தம் கசியும், அந்தக் குறுகிய இடத்தில் பார்வை மறைந்துவிடும். அறுவை மேசையிலேயே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் மட்டத்தை உறுதி செய்துகொண்டு, நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, சுமார் 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டு. பிறகு ஒன்றைவிட ஒன்று தடிமனான டைலேட்டர்களை (விரிக்கும் குழாய்களை) ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகித் தசையை அறுக்காமல் விலக்கி, கடைசியில் 18 மில்லிமீட்டர் வாக்கில் விட்டமுள்ள டியூபை இறக்கி, மேசையோடு இணைந்த கையில் பூட்டுவார்கள். எல்5 எலும்பின் கீழ் விளிம்பைக் கொஞ்சம் டிரில் செய்து, மஞ்சள் தசைநாரைத் திறந்தால் எஸ்1 வேர் தெரியும். அதை மெதுவாக நடுப்பக்கம் ஒதுக்கிப் பிடித்து, பிதுங்கிய துண்டை எடுப்பார்கள். பெரும்பாலும் முழு மயக்கம் தருவார்கள். சிக்கல் இல்லையென்றால் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

விலாப்பக்க எண்டோஸ்கோப்பியில் வெட்டு 7, 8 மில்லிமீட்டர்தான். ஊசி, கம்பி, டைலேட்டர் என்று வரிசையாகப் போய், நரம்பு வெளியேறும் துவாரத்துக்குள் குழாய் நுழைகிறது. உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். நோயாளி விழித்திருப்பதால், கருவி நரம்பில் பட்டால் உடனே காலில் எரிகிறது என்பார், அதுவே ஒரு பாதுகாப்பு. ஆனால் எல்5-எஸ்1 மட்டத்துக்கு ஒரு தடை உண்டு. இடுப்பெலும்பின் மேல்விளிம்பு சிலருக்கு உயரமாக இருந்து பாதையை மறிக்கும். அப்படியிருந்தும் வற்புறுத்தி நுழைத்தால் மேலே இருக்கும் எல்5 நரம்பு உரசப்பட்டு, பாதத்தில் வாரக்கணக்கில் எரிச்சல் நிற்கும். இந்த மட்டத்தில் இரண்டு எலும்புகளுக்கு இடைப்பட்ட பின்பக்க இடைவெளி பொதுவாக அகலம். அதனால் பின்பக்கமாகவே எண்டோஸ்கோப் நுழைப்பது இங்கே இயல்பான வழி. அதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தருவார்கள். இரண்டாவது டாக்டரிடம், இடுப்பெலும்பு உயரம் எக்ஸ்ரேயில் எப்படி இருக்கிறது, ஏன் விலாப்பக்கம், ஏன் பின்பக்கம் இல்லை என்று கேளுங்கள்.

என்னென்ன தவறக்கூடும்? மட்டம் மாறிப்போவது ஒன்று. சிலருக்கு இடுப்பின் கடைசி முள்ளெலும்பு (எல்5) திரிகத்தோடு ஒட்டியிருக்கும், சிலருக்கு திரிகத்தின் முதல் எலும்பு தனித்திருக்கும். அப்போது எம்ஆர்ஐயில் எண்ணிய எண்ணும் எக்ஸ்ரேயில் எண்ணிய எண்ணும் ஒத்துப்போகாது. நரம்புறை கிழிந்து தண்டுவட நீர் கசிவது இன்னொன்று. குறுகிய டியூபுக்குள் தையல் போடுவது கடினம் என்பதால் ஒட்டுப்பொருள் வைத்து, ஓரிரு நாள் படுக்கவைப்பார்கள். எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் போய்விடுகிறது என்றால் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். மிக அரிதாக, கருவி ஜவ்வின் முன்சுவரைத் தாண்டிப் போனால் பெரிய ரத்தக்குழாய் காயப்படும், அது உயிருக்கே ஆபத்து. அறுவை முடிந்த சில மணி நேரத்தில் காலில் புதிதாகப் பலம் குறைந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே மறுபடி திறந்தாக வேண்டும். அன்றிரவு பக்கத்தில் இருப்பவர் அவ்வப்போது பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லிப் பாருங்கள்.

சிறிய துளை என்பதற்காகவே பலன் கூடிவிடாது. 2009-இல் வெளியான 328 பேர் ஆய்வில், வழக்கமான மைக்ரோஸ்கோப் அறுவையைவிட டியூப் முறை மேலானதாக வரவில்லை. 2022-இல் வந்த 613 பேர் ஆய்வில், விலாப்பக்க எண்டோஸ்கோப்பி கால்வலியைக் குறைப்பதில் வழக்கமான முறைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. எண்டோஸ்கோப்பி கைவரப் பல கேஸ் பழக்கம் வேண்டும். அதனால் எந்தக் கருவி என்பதைவிட, அந்த டாக்டர் அந்த முறையை வாரத்துக்கு எத்தனை செய்கிறார் என்பதைக் கேட்பது பயன்தரும். பாதியில் முடியாமல் போனால் பழைய முறைக்கு மாற முடியுமா என்றும் கேளுங்கள்.

நூல்கண்டு

இருவருக்கும் நன்றி. குதிகால் சோதனை செய்தோம், வலது பத்து, இடது எட்டு. ஸ்க்ரூ, லேசர் பற்றியும் யாராவது சொல்லுங்கள். அறுவைக்குப் பிறகு எப்போது மிஷினில் உட்காரலாம்?

தண்டுவடம்

எட்டு என்றால் லேசான குறைவு. டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், கணுக்கால் அனிச்சையையும் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

லேசர் உங்கள் கேஸுக்குப் பொருந்தாது. ஜவ்வின் உறை கிழியாமல் உள்ளேயே வீங்கியிருந்தால்தான் உள்ளிருக்கும் கூழைச் சுருக்கி அழுத்தத்தைக் குறைக்க வழி உண்டு. உறையைத் தாண்டி வெளியே வந்த துண்டை லேசரால் உள்ளே இழுக்க முடியாது.

ஸ்க்ரூ விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: முதல் முறை ஜவ்வு பிதுங்கியவருக்கு, எலும்பு ஆட்டம் இல்லையென்றால், அது தேவையில்லை. இரண்டு மட்டம் என்றால் ஆறு ஸ்க்ரூ, இரண்டு கம்பி, ஜவ்வு இருந்த இடத்தில் வைக்கும் இரண்டு கேஜ். தோல் வழியாகச் சிறு துளையில் வைத்தாலும் உள்ளே செய்வது எலும்புகளை நிரந்தரமாக இணைக்கும் பெரிய அறுவைதான். இணைத்த மட்டம் அசையாது, அந்தச் சுமை மேல் மட்டத்துக்குப் போகும், வருடங்கள் கழித்து அது தேயக்கூடும். எலும்பு நழுவியிருந்தால், குனியும்போது நகர்ந்தால், ஒரே இடத்தில் ஜவ்வு பலமுறை திரும்ப வந்தால் ஸ்க்ரூவுக்குக் காரணம் உண்டு. ‘திரும்ப வராது’ என்பதற்காக முதல் தடவையே இணைப்பது சரியான கணக்கு அல்ல. பிதுங்கல் திரும்ப வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு 5 முதல் 15 வரை, அதிலும் எல்லோருக்கும் மறுபடி அறுவை தேவைப்படாது.

ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்: நின்ற நிலையில் பக்கவாட்டுப் படம், முன்னே முழுதாகக் குனிந்து ஒன்று, பின்னே வளைந்து ஒன்று. எம்ஆர்ஐ படுத்துக்கொண்டு எடுப்பது, நழுவல் அதில் மறைந்துவிடலாம். வலிக்குப் பயந்து பாதி குனிந்தால் படம் வீண், அரை மணி நேரம் முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகட்டும்.

இன்னும் சந்தேகம் இருந்தால், எக்ஸ்ரே பார்த்தபடி எஸ்1 வேரில் மட்டும் மரத்துப்போகும் மருந்தும் ஸ்டீராய்டும் ஊசியாகப் போடலாம். சில மணி நேரத்துக்காவது கால்வலி நின்றால் குற்றவாளி அந்த வேர்தான். பலருக்குச் சில வாரங்கள் நிவாரணமும் கிடைக்கும்.

இயன்முறை

அறுவை அன்று மாலையோ மறுநாள் காலையோ நடக்கவைப்பார்கள். படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பி ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டபடி கையை ஊன்றி எழ வேண்டும். முதல் வாரம் நாளைக்கு நாலைந்து முறை, ஒவ்வொரு தடவையும் ஐந்து, பத்து நிமிட நடை போதும், பிறகு கூட்டலாம். முதல் இரண்டு வாரம் தொடர்ந்து 20, 30 நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். தையல் பிரிப்பது 10 முதல் 14 நாளில்.

நம் வீடுகளில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதும், கீழே குந்தும் கழிப்பறையும்தான் பெரிய சிக்கல். ஆறு வாரத்துக்கு இரண்டையும் தவிர்க்க வேண்டும். கழிப்பறையில் போட, நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலியை அறுவைக்கு முன்பே வாங்கி வையுங்கள். மலச்சிக்கல் வந்தால் முக்கக் கூடாது. டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் மலத்தைக் கட்டும், எழுதித் தரும்போதே அதற்கும் மருந்து கேளுங்கள். குடம், சிலிண்டர், குழந்தை எதையும் ஆறு வாரம் தூக்கக் கூடாது. டூவீலரில் ஒரு மாதமாவது ஏறாமல் இருப்பது நல்லது, குழியில் இறங்கும் குலுக்கல் நேராக இடுப்பில் விழும்.

மிஷின் வேலைக்கு ஆறு வாரம் கழித்து, முதலில் அரை ஷிஃப்ட். சாய்வில்லாத ஸ்டூலை மாற்ற வேண்டும், அதைச் செய்யாமல் மற்றது எதுவும் முழுப்பலன் தராது. சாய்வுள்ள நாற்காலி, முழங்கால் செங்கோணத்தில் இருக்கும் உயரம், பெடல் நேர் எதிரே. பக்கத்தில் கிடக்கும் துணிக்கட்டை உட்கார்ந்தபடி திரும்பி, குனிந்து எடுப்பதுதான் ஜவ்வுக்கு மோசமான அசைவு. துணிக்கட்டை இடுப்பு உயர மேசையில் வைக்கச் சொல்லுங்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு நிமிடம் நடக்கட்டும்.

வலிதான் முதலில் போகும். பலம் மெதுவாக வரும். மரத்துப்போனது கடைசியில், மாதக்கணக்கில் ஆகலாம், கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம். அதைப் பார்த்து அறுவை தோற்றுவிட்டது என்று பதற வேண்டாம். ஆனால் இரண்டு, மூன்று வாரம் நன்றாக இருந்துவிட்டு, படுத்தாலும் குறையாத இடுப்பு வலியும் காய்ச்சலும் வந்தால் ஜவ்வில் கிருமித்தொற்று இருக்கலாம். சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும்) ரத்தப் பரிசோதனையோடு உடனே டாக்டரைப் பாருங்கள்.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தட்டும். சர்க்கரை இருந்தால் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) பார்த்துக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு தேதி வாங்குங்கள்.

தியேட்டர்_விளக்கு

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். இதய டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்தவும் கூடாது. எம்ஆர்ஐயை ரிப்போர்ட் காகிதமாக மட்டும் கொண்டு போகாமல் படங்கள் உள்ள சிடி வட்டோடு போங்கள். படம் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டாலோ, வலி வேறு இடத்துக்கு மாறினாலோ புதிதாக எடுக்கச் சொல்வார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுக்கும் முறை அந்த மருத்துவமனையில் திட்டத்தில் அடங்குகிறதா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டு, முன் அனுமதி வந்த பிறகே அட்மிஷன் போடுங்கள்.