மொரிஷியஸ் ரோஸ் ஹில் சொந்தபந்தம் குரூப்: டெஸ்ட்.பின்

குட்டி: மாமா இருக்கீங்களா? ரெயூனியன் அக்கா மெட்டியோர் வானிலை சேட்டிலைட் போனப்ப ரெக்கார்ட் பண்ணி டிரைவ்ல போட்டிருக்காங்க. பேரு வெறும் டெஸ்ட்.பின், 3.456 ஜிபி. சிக்னல படமாக்குற சாட்டம்ப் சாஃப்ட்வேர்ல போட்டா சாம்பிள் ரேட் என்ன ஃபார்மட் என்னன்னு கேக்குது, எது குடுத்தாலும் குப்பையா வருது

பெரிய மாமா: எந்த ரேடியோ டாங்கிள்? எவ்ளோ நேரம் ஓடுச்சு?

ரெயூனியன் அக்கா: ஆர்டிஎல்-எஸ்டிஆர் மாமா, லேப்டாப் ஃப்ரெண்டோடது. 12 நிமிஷம் ஓட விட்டேன். ரேட் எவ்ளோன்னு பாக்கல

பெரிய மாமா: போதும்மா, கண்டுபிடிச்சிரலாம். சாம்பிள்னா சிக்னல ஒரு தடவ அளக்கிறது. அந்த டாங்கிள் ஒரு சாம்பிளுக்கு ஐ, க்யூன்னு ரெண்டு நம்பர், ஐ ஒரு பைட், க்யூ ஒரு பைட்னு மாத்தி மாத்தி குடுக்கும். 3.456 ஜிபிய 720 செகண்டால வகுத்தா செகண்டுக்கு 48 லட்சம் பைட், அதுல பாதி 24 லட்சம் சாம்பிள். 2.4 மெகா, பொதுவா எல்லாரும் வைக்கிற ரேட்தான்

குட்டி: 16 பிட்ல 12 லட்சம் சாம்பிள்னு இருந்தாலும் இதே சைஸ் வருமே மாமா

பெரிய மாமா: கரெக்டா புடிச்ச டா. சைஸ் மட்டும் பாத்து முடிவு பண்ணக்கூடாது. பைட் பைட்டா காட்டுற ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்து முதல் ரெண்டு வரி அனுப்பு

குட்டி: 7எஃப் 80 80 7இ 81 7எஃப் 80 7எஃப்... இப்டியே போகுது

பெரிய மாமா: அன்சைன்ட் 8 பிட், சந்தேகமே இல்ல. 0லேந்து 255 வரைக்கும் போகும், நடு 127.5, அதனால சிக்னல் கம்மியா இருக்கிறப்ப 7எஃப், 80 பக்கத்துலயே ஆடிட்டு இருக்கும். ஹேக்ஆர்எஃப்னு இன்னொரு ரேடியோல எடுத்ததுன்னா சைன்ட், மைனஸும் வரும், 00 எஃப்எஃப் 01னு பாத்திருப்ப. ஜிஎன்யூ ரேடியோ சாஃப்ட்வேர் ஃபைல்னா பொதுவா ஃப்ளோட், அதாவது தசம நம்பர், ஐக்கு நாலு பைட் க்யூக்கு நாலு பைட், சாம்பிளுக்கு 8 ஆயிடும், சைஸ் நாலு மடங்கு. அன்சைன்ட சைன்ட்னு சொல்லி திறந்தா அமைதியான இடம் கூட உச்சிக்கும் அடிக்கும் தாவும், நீ பாத்த குப்பை அதுதான்

மாலா அத்தை: எனக்கு ஒண்ணு புரியல, ஒரே சிக்னலுக்கு எதுக்கு ரெண்டு நம்பர்?

பெரிய மாமா: ஒண்ணு மட்டும் இருந்தா ட்யூன் பண்ண இடத்துக்கு மேல இருக்கிற சிக்னலும் கீழ இருக்கிறதும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திரும், பிரிக்கவே முடியாது. ஐயும் க்யூவும் 90 டிகிரி தள்ளி எடுத்தது, ரெண்டையும் சேத்து பாத்தாதான் எது மேல எது கீழன்னு தெரியும். வரிசை மாறிப் படிச்சா ஸ்பெக்ட்ரம் இடம் வலமா திரும்பிடும்

குட்டி: 8 பிட், 2.4 குடுத்துட்டேன். ஸ்பெக்ட்ரம் இப்ப அழகா தெரியுது, ஆனா டீகோடர் சிக்னல புடிச்சு லாக் ஆகல, சிக்னல் நடுவுல இல்ல ஓரமா நிக்குது

ரெயூனியன் அக்கா: ஆமா டா, மெட்டியோர் அனுப்புற 137.1, 137.9 மெகாஹெர்ட்ஸ் ரெண்டும் உள்ள வரட்டும்னு 137.5ல வச்சேன்

பெரிய மாமா: அப்ப 400 கிலோஹெர்ட்ஸ் ஷிஃப்ட் குடு. பாத்தியா, ரேட்டையும் பிட்டையும் கணக்கு போட்டு எடுத்தோம், இந்த 137.5 மட்டும் ஃபைல்ல ஒரு பைட்ல கூட கிடையாது. அக்கா சொல்லலன்னா போச்சு

மாலா அத்தை: பேர் எழுதாத மசாலா டப்பா கதைதான்

குட்டி: அடுத்த தடவ வேவ் ஃபைலா எடுத்தா? அதுல ஹெட்டர் இருக்குல்ல

பெரிய மாமா: ரேட்டும் பிட்டும் இருக்கும். ஃப்ரீக்வன்சிக்கு சாதா வேவ் ஹெட்டர்ல இடமில்ல, அதனாலதான் எஸ்டிஆர் சார்ப் மாதிரி சாஃப்ட்வேர் அத ஃபைல் பேர்லயே எழுதுது, யாராச்சும் பேர மாத்துனா அதுவும் காலி. இன்னொண்ணு, வேவ் 4 ஜிபிக்கு மேல தாங்காது, சைஸ் எழுதுற இடம் 32 பிட் தான். 16 பிட்ல 2.4 மெகா ஓட்டினா ஏழரை நிமிஷத்துல ரொம்பிடும், சேட்டிலைட் அப்பதான் தலைக்கு மேல இருக்கும். வேவ் மாதிரியே பெரிய சைஸ் தாங்குற ஆர்எஃப்64 வச்சா அந்த தொல்லை இல்ல

பெரிய மாமா: நான் சொல்றது சிக்எம்எஃப், ரெக்கார்டிங் விவரத்த எழுதி வைக்கிற ஃபார்மட். சாம்பிள் ஃபைல தொட வேணாம், பக்கத்துல அதே பேர்ல ஒரு சின்ன மெட்டா ஃபைல், ஜேசன்ல எழுதினது, நோட்பேட்லயே திறக்கலாம். டேட்டா டைப் சியூ8 (நம்ம அன்சைன்ட் 8 பிட் ஐ-க்யூ தான்), சாம்பிள் ரேட், ஃப்ரீக்வன்சி, ஆரம்பிச்ச நேரம், எந்த ஆன்டெனா எல்லாம் அதுல. டெஸ்ட்.பின் பேர டாட் சிக்எம்எஃப்-டேட்டான்னு மாத்தி மெட்டா எழுதிட்டா முடிஞ்சது

மாலா அத்தை: படம் வந்தாச்சுன்னா ஃபைல அழிச்சிர வேண்டியதுதான, 3 ஜிபி எதுக்கு

பெரிய மாமா: அத்தை சொல்றாங்கன்னு அழிச்சிராத டா!! 2024 ஜனவரில பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் ரோட்டுல கார் எல்லாம் மிதந்துச்சே, அப்ப நான் எடுத்த ரெக்கார்டிங் இன்னும் இருக்கு. அன்னைக்கு வந்த படத்துல பாதி கோடு கோடா விழுந்துச்சு, போன மாசம் அதே சாம்பிள டீகோடரோட புது வெர்ஷன்ல ஓட்டினேன், நெறைய வரி திரும்ப கிடைச்சுது. படமா மட்டும் வச்சிருந்தா இது நடக்காது. எம்பி3யா மாத்தவும் கூடாது, அது காதுக்கு கேக்காதத தூக்கி எறியும், டீகோடருக்கு அதுதான் வேணும்

குட்டி: மாமா லாக் ஆயிடுச்சு!!! வரி வரியா மேகம் வருது 🙏

ரெயூனியன் அக்கா: அய்யோ அனுப்பு அனுப்பு

குட்டி: முடியட்டும் அக்கா. மெட்டா எழுதிட்டு இருக்கேன், எத்தன மணிக்கு ஆரம்பிச்சீங்க?

ரெயூனியன் அக்கா: காலைல 9:40

பெரிய மாமா: 05:40னு போடு டா, மெட்டால யுடிசி, உலகப் பொது நேரம் தான், நமக்கும் ரெயூனியனுக்கும் 4 மணி நேரம் கழிக்கணும்