கோராவுக்கு நரம்பு எத்தனை? உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. மேற்கு ஆப்பிரிக்காவின் கோரா பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன், பாதியில் நிற்கிறது. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக அறுத்து மாட்டுத்தோல் போர்த்திய வாத்தியம். இரண்டு கட்டைவிரல், இரண்டு ஆள்காட்டிவிரல், அவ்வளவுதான். கேட்டால் மூன்று பேர் வாசிப்பதுபோல் இருக்கும்.

என் சிக்கல் நரம்பில்தான். 1799-இல் வந்த பயண நூலில் ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க் 18 என்கிறார். இன்று மாலியிலும் காம்பியாவிலும் பொதுவாக 21. தோல் வார் போய் மீன்பிடி நைலான் வந்ததுகூடப் புரிகிறது (ரசித்த தகவல்!). எண்ணிக்கை எப்படிக் கூடியது? பரம்பரைப் பாணர்களான ஜாலிகள் இதைப் பற்றிப் பேசிய பேட்டி, ஒலிப்பதிவு ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள். பிரெஞ்சில் இருந்தாலும் சரி, தட்டுத்தடுமாறிப் படித்துவிடுவேன்.