சிங்கப்பூரில் தொடக்கநிலை 2 படிக்கும் பையன்: சொல்வது பிடிபடவில்லை, வாக்கியமும் வரவில்லை. தமிழை நிறுத்தலாமா?

ஈசூன் அம்மா
மகனுக்கு 8 வயது. ஆசிரியர் வரிசையாக மூன்று வேலை சொன்னால் கடைசியை மட்டும் செய்கிறான். பேச்சில் பாதி "அது... அந்தது". காது சோதனை சரி. பள்ளியில் ஆங்கிலத்துக்குத் தினமும் அரை மணி நேரம் கற்றல் ஆதரவு வகுப்பு உண்டு. வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள் உறவினர்கள். பேசலாமா?

பேச்சுப் பயிற்சி
வேண்டாம். இருமொழிப் பழக்கத்தால் மொழிக் கோளாறு வராது. கோளாறு இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும். ஒன்றில் மட்டும் தடுமாறினால் அந்த மொழியில் புழக்கம் போதாது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். பொம்மை ஆடும் மாடும் எடுத்து, "மாட்டை ஆடு தள்ளுது, செஞ்சு காட்டு" என்று சொல்லுங்கள். 'ஐ' உருபைப் பிடிக்காத பிள்ளை, முதலில் காதில் விழுந்த மாடே ஆட்டைத் தள்ளுவதாகச் செய்து காட்டும். குருட்டாம்போக்கில் பாதி சரியாகிவிடும் என்பதால் சொல் வரிசையை மாற்றி மாற்றி எட்டு முறையாவது கேளுங்கள். நாய், பூனை வேண்டாம். யார் யாரைத் துரத்தும் என்பது ஊருக்கே தெரியும். இதை வைத்து முடிவு கட்டாமல் பேச்சு, மொழிச் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். ழ, ள குழப்பத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், பெரியவர்களுக்கே அது உண்டு.

வளர்ச்சிசார் மொழிக் கோளாறு, அதாவது வேறு வெளிப்படையான காரணம் இல்லாமலே மொழியைப் புரிந்துகொள்வதிலும் பேசுவதிலும் நீடிக்கும் சிரமம், ஏறக்குறைய 7% பிள்ளைகளுக்கு இருக்கிறது. 30 பேர் வகுப்பில் இருவர். பெரும்பாலும் 'கவனமில்லை' என்ற பெயர்தான் கிடைக்கும்.

கோப்புக்காரர்
கற்றல் ஆதரவு வகுப்பு ஆங்கில எழுத்து, வாசிப்புக்கானது. மொழிச் சிகிச்சைக்கு ஈடாகாது. கற்றலில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்கும் சிறப்புக் கல்வித் தேவை அதிகாரியைச் சந்திக்க வேண்டும் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிப் பொது மருத்துவமனைக்குப் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம். போகும்போது பயிற்சிப் புத்தகங்களோடு, அவன் ஒரு படத்தைப் பார்த்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசிய ஒலிப்பதிவையும் கொண்டுபோங்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் சலுகை தேவைப்பட்டால் பள்ளிவழியாகத்தான் விண்ணப்பம், அறிக்கையும் வேண்டும். கடைசி ஆண்டுவரை தள்ளிப்போடாதீர்கள்.

தமிழ் வகுப்பு
ஆசிரியரிடம் இதையும் காட்டுங்கள். "உட்காருவதற்கு முன் புத்தகத்தை எடு" என்பதில் செய்யும் வரிசையும் சொல்லும் வரிசையும் தலைகீழ். "புத்தகத்தை எடு" என்று சொல்லி, அவன் எடுத்தபின் "உட்கார்" என்றால் போதும். கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். இடையில் வேறு சொற்களில் திரும்பக் கேட்டால் அவனுக்கு அது இரண்டாவது கேள்வி. "புரிஞ்சுதா?" என்றால் தலையாட்டத்தான் செய்வான், "முதல்ல என்ன செய்யப்போறே?" என்று கேளுங்கள்.

"நேத்து நான் கடை போறேன்" என்றால் திருத்திச் சொல்லவைக்காமல், "ஆமா, நேத்து கடைக்குப் போனே. என்ன வாங்கினே?" என்று தொடருங்கள். படம் பார்த்துப் பேசும் பாடத்துக்கு முந்தின நாளே ஐந்து சொல் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் படம், எதற்குப் பயன்படும், எங்கே இருக்கும், இவை தெரிய வேண்டும். பொருள் எழுதிப் பத்து முறை பார்த்தெழுதுவது வீண். அவன் "வந்தாங்க" என்றால் சரி. "வந்தார்கள்" வாசிப்பில் வரட்டும்.

ஈசூன் அம்மா
நன்றி. தமிழிலிருந்து விலக்குக் கேட்கவும் சிலர் சொல்கிறார்கள்.

கோப்புக்காரர்
இப்போதே எதற்கு? தொடக்கநிலை 5-இல் அடிப்படைத் தமிழ் என்ற எளிதான பாடம் எடுக்க வழி இருக்கிறது. முதலில் மதிப்பீட்டு அறிக்கை வரட்டும்.