மாரித் தண்ணீர் வளவை விட்டு வடியவில்லை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மட்டக்களப்பு கல்லடியில், வாவிப் பக்கமாக எங்கள் வீடு. 10 பேர்ச் வளவு, முழுக்க மணல். ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டதில் ரோட்டு உயர்ந்து, வளவு முக்கால் அடி பள்ளமாகிவிட்டது. கார்த்திகை, மார்கழி மழைக்குக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது, நாட்கணக்கில் வடியாது. கிணறு ஏறி மண்ணிறமாகிறது. மலசலகூடமும் பின்னடிக்கிறது. வயதான அம்மா அந்தத் தண்ணீருக்குள்தான் நடக்க வேண்டியிருக்கிறது, அதுதான் பெரிய கவலை.

பின்வளவில் 5 அடி ஆழத்துக்குக் குழி வெட்டிக் கருங்கல் நிரப்பினோம். ஆவணி வெயிலில் வாளி வாளியாக ஊற்றினாலும் குடித்தது. மாரியில் வாவி ஏறி, நிலத்தடி நீரும் மேலே வந்ததும் குழியே நிரம்பி நின்றது. பம்பியால் ரோட்டுக்கு இறைத்தால் வாசலால் திரும்பி வருகிறது. கூரைப் பீலித் தண்ணீரை ரோட்டு வடிகானில் விட்டோம். வாவி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணலை வெட்டித் திறக்கும்வரை அந்த வடிகானே ஓடாது. மண் போட்டு உயர்த்தச் சொல்கிறார் மேசன். சரி, அப்புறம் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகுமே! மனம் ஒப்பவில்லை.

வாவியோரத்தில் இதைச் சரிப்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: நிலத்தடி நீர் இவ்வளவு மேலே நிற்கும் மணலில், அயலவருக்குப் பாதிப்பில்லாமல் மழைத்தண்ணீரை எப்படி வெளியேற்றலாம்?